நாற்பதுக்கு மேல் எடை குறைக்க: நெல்லைச் சாப்பாட்டை விடாமல் ஒரு வழிகாட்டி

நாற்பது தாண்டியதும் வேட்டிக் கட்டு தொப்பைக்குக் கீழே இறங்குகிறது, பழைய ரவிக்கை கையில் ஏற மறுக்கிறது. கேட்டால் "வயசாயிட்டுல்லா" என்பதுதான் நம்ம பக்கத்துப் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. 2021-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் உடல் ஒரு நாளில் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று அதில் அளந்தார்கள். உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருந்தது.

அப்படியானால் நடுவயதில் மாறுவது எது? தூக்குவது, சுமப்பது, ஏறுவது எல்லாம் நின்றுபோக, தசை மெல்லக் கரைகிறது. உட்காரும் நேரம் கூடுகிறது. தூக்கம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி, தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. கையில் காசு புழங்குவதால் ஐந்து மணிக்கு வடை, பதினொரு மணிக்கு இன்னொரு காப்பி என்று பழக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். கல்யாணப் பந்தியும் கோயில் கொடையும் குற்றால சீசனும் நம் எடையை ஏற்றுவதில்லை. எல்லாம் சேர்ந்தாலும் வருஷத்தில் முப்பது நாற்பது நாள்தான் வரும். மிச்சமுள்ள 320 நாளில் கவனிக்காமல் உள்ளே போவதுதான் ஏற்றுகிறது. அந்தச் சாதாரண நாட்களைச் சரிசெய்துவிட்டால், விசேஷ நாட்களில் வயிறாரச் சாப்பிடலாம்.

முதலில் நாடா, பிறகு டாக்டர்

தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று வாங்குங்கள். காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலின் மேல் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள், வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் பல பேருக்கு அஞ்சாறு சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80-க்கும் மேல் போனால் கவனிக்க வேண்டும். உயரத்தில் பாதிக்குள் இடுப்பளவு இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல கணக்கு.

அடுத்து பிஎம்ஐ, உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடி உயரத்தால் வகுக்க வேண்டும். உயரம் மீட்டரில் இருக்கட்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோவும் உள்ளவருக்கு 28.7 வரும். நம் நாட்டவருக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். முதல் இலக்காக 23-ஐ வைத்துக்கொள்ள வேண்டாம். இப்போதுள்ள எடையில் 5 முதல் 7 சதவீதம் போதும். 78 கிலோக்காரருக்கு அது நாலு முதல் ஐந்தரை கிலோ. மூன்று நாலு மாதத்தில் எட்டலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி எல்லாவற்றுக்கும் அந்த அளவே பெரிய நிம்மதி தரும்.

தொடங்குவதற்கு முன் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூன்று மாத சராசரிச் சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். தைராய்டு மந்தமாக இருந்தால் என்ன செய்தும் உடம்பு ஓய்ந்துதான் கிடக்கும். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ரத்தப்போக்கு கூடிச் சோகை வந்த பெண்களுக்கு நடக்கவே சக்தி இருக்காது. அவர்களைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

முக்கியமான எச்சரிக்கை: கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தது. சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களுக்கு எடை குறையும்போது எழுந்து நின்றால் கிறுகிறுப்பு வரலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கீழே வரும் புரதக் கணக்கை டாக்டரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாயில் போனது அத்தனையும், நேரத்தோடு எழுதுங்கள். பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த ஒன்றரை தோசை, அடுப்படியில் நின்றபடி வாயில் போட்ட மிக்சர், கடைக்கு வந்த அண்ணாச்சிக்குத் துணையாகக் குடித்த டீ எல்லாம் ஏறட்டும். மறைக்க வேண்டியதில்லை, வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

அந்த வாரத்தில் இரண்டு அளவுகள் எடுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வழக்கமாக மதியம் போடும் சோற்றை ஒரே ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். நம் வீடுகளில் 400, 500 கிராம் வருவது சாதாரணம். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி. ஆக, சோறு மட்டுமே 600 கலோரியைத் தொட்டுவிடுகிறது.

இரண்டாவது, எண்ணெய். நல்லெண்ணெய், கடலெண்ணெய், ரீபைண்டு எல்லாம் சேர்த்து மாதம் எத்தனை லிட்டர் ஆகிறது என்று பலசரக்குச் சிட்டையில் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர்தான் கணக்கு. அஞ்சு லிட்டர் ஆகிறதென்றால், ஒவ்வொருவருக்கும் தினமும் 130 கலோரிக்கு மேல் யாரும் கேட்காமலே சேர்கிறது. தேங்காய் இந்தக் கணக்கில் வராது, அது தனி.

வார முடிவில் நோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மூன்று வேளைச் சாப்பாட்டில் பெரிய தப்பு இருக்காது, இடையில்தான் ஓட்டை இருக்கும். ஒரு உளுந்தவடை எண்ணெயைப் பொறுத்து 120 முதல் 150 கலோரி. 100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சீனியும் போட்ட காப்பி ஏறத்தாழ 100. சாயங்காலம் ஒரு வடை, தேவைக்கு மேல் இரண்டு காப்பி என்றால் 300 கலோரிக்கு மேல். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மாதம் 25 நாள் இப்படி ஓடினால் ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மதியச் சாப்பாடு

சோற்றை விடச் சொல்லவில்லை. நிறுத்துப் பார்த்த அளவில் கால் பங்கை முதல் இரண்டு வாரம் குறையுங்கள், பிறகு இன்னொரு கால். 450 கிராம் சாப்பிட்டவர் 340-க்கு வந்து, அப்புறம் 230-ல் நிற்கலாம். ஒரே நாளில் பாதியாக்கினால் நாலு மணிக்குப் பசி பிடுங்கும், கை நேரே காரச்சேவு டப்பாவுக்குப் போகும். முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறவர்களில் பல பேர் இப்படித்தான் விடுகிறார்கள்.

நம் பந்தி முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாம்பாருக்கு ஒரு கரண்டி சோறு, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் புதுச் சோறு விழுகிறது. அதனால் முதலிலேயே மொத்தச் சோற்றையும் தட்டில் வைத்து, அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குண்டானைச் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே விடுங்கள். காயையும் மீனையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், குறைந்தது தெரியவே தெரியாது.

தட்டில் பாதி காயாக இருக்க வேண்டும். நம் சந்தையில் பஞ்சமே இல்லை: சீனி அவரை, புடலை, சுரை, பீர்க்கு, வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை. உருளையும் சேனையும் சிறுகிழங்கும் காய்க்கணக்கில் வராது, சோற்றுக்கணக்கில் சேருங்கள். சிறுகிழங்குப் பொரியல் வைத்த அன்று சோறு இன்னும் ஒரு கரண்டி குறையட்டும். அவியலும் கூட்டும் நல்லவை, தேங்காயைப் பாதியாக்கினால் போதும். நாலு பேருக்கு வைக்கும் அவியலில் அரை மூடிக்குப் பதில் கால் மூடி அரைத்து, சீரகத்தையும் பச்சை மிளகாயையும் கொஞ்சம் கூட்டினால் ருசி நிற்கும்.

தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியை எப்போதாவது வைக்கிற வீடுகளில் அப்படியே வையுங்கள், அதில் கை வைக்க வேண்டாம். வாரா வாரம் வைக்கிறவர்கள், முதல் பாலைப் பாதி எடுத்து, இரண்டாம் மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, பாசிப்பருப்பைக் கூடப் போட்டுக் கெட்டிப்படுத்தலாம். உருளைக்கிழங்கைக் குறைத்து பீன்ஸ், கேரட், முருங்கைக்காயைக் கூட்டுங்கள். சொதியில் எடையை ஏற்றுவது பெரும்பாலும் பக்கத்தில் வரும் சிப்ஸும், "இன்னும் கொஞ்சம்" என்று விழும் மூன்றாவது கரண்டிச் சோறும்தான். இஞ்சிப் பச்சடி தாராளமாக இருக்கட்டும்.

புரதம்: நம் சாப்பாட்டில் குறைவது இதுதான்

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். தசை போனால் அடுத்த வருஷம் எடை திரும்பி வரும், முழங்காலில் வலு இருக்காது. அதைத் தடுக்க, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், 1.2 வரை புரதம் வேண்டும். 70 கிலோ உள்ளவருக்கு 70 முதல் 84 கிராம். இட்லி, சாம்பார், சோறு, ரசம், தோசை என்று போகும் நாளில் 40 கிராம் தேறுவதே கஷ்டம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எளிது. காலையில் மூன்று இட்லியும் இரண்டு முட்டையும் 18 கிராம். மதியம் 120 கிராம் மீன், சோறு, கொஞ்சம் தயிர் சேர்ந்து 35 வரும். சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல் 10. இரவு இரண்டு தோசையோடு முட்டையோ கோழியோ சேர்த்தால் 15. தூத்துக்குடியிலிருந்து வரும் சாளை, நெத்திலி, அயிலையை விட மலிவாக நல்ல புரதம் இங்கே கிடையாது. வஞ்சிரம்தான் வேண்டும் என்று இல்லை. குழம்பாக வையுங்கள். பொரித்தால் மீன் எண்ணெயைக் குடிக்கும். பொரிச்சதுதான் வேண்டும் என்றால் தோசைக்கல்லில் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் வாட்டுங்கள்.

சைவ வீடுகளில் யோசித்துச் செய்ய வேண்டும், ஆனால் முடியாதது இல்லை. காலையில் இட்லியோடு பருப்பு தூக்கலான சாம்பாரும் ஒரு தம்ளர் பாலும். மதியம் ஆளுக்கு 40 கிராம் பருப்பு அல்லது பயறு, கூடவே ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் சுண்டலும் ஒரு கைப்பிடி அவித்த கடலையும். இரவு 60 கிராம் பாசிப்பயறை ஊறவைத்து அரைத்த தோசை, 50 கிராம் பன்னீர். 75 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

உளுந்தஞ்சோறு இந்த விஷயத்தில் நமக்கு வாய்த்த பெரிய உதவி. வழக்கமாக இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து போடுவோம். அதைச் சரிபாதியாக்குங்கள். மூன்று பேருக்கு 150 கிராம் புழுங்கலரிசி, 150 கிராம் உடைத்த கறுப்பு உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, கழுவி, அரிசியோடு சேர்த்து, பதினைந்து பல் பூண்டு, அரை டீஸ்பூன் வெந்தயம், சீரகம், உப்பு போட்டு, மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி, குக்கரில் நாலு விசில் விடுங்கள். தேங்காய்த் துருவல் மூன்று மேசைக்கரண்டி போதும், இறக்கியபின் கிளறினால் மணம் நிற்கும். ஆளுக்குச் சுமார் 350 கலோரி, 15 கிராம் புரதம். உளுந்து கூடியதால் ஏழு மணி வரை பசி எட்டிப் பார்க்காது. எள்ளுத் துவையல் ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், எள்ளில் பாதி எண்ணெய்தான். உளுந்து கூடினால் சிலருக்கு வாயு சேரும். அவர்கள் முதல் இரண்டு தடவை 180-க்கு 120 என்று வைத்துப் பழகலாம்.

சாயங்காலமும் இரவும்

வடையை விட முடியாதென்றால் வாரம் இரண்டு நாள் என்று கிழமை குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் சூடாக, உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிடுங்கள். மற்ற நாள் சுண்டல், அவித்த பனங்கிழங்கு, நுங்கு, கொய்யா என்று எது கிடைக்கிறதோ அது. காப்பியில் சீனியை வாரத்துக்கு அரை டீஸ்பூன் குறைத்து வந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். திடீரென்று சீனி இல்லாமல் குடிக்க ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் பத்து நாளில் பழையபடி ஆகிவிடுகிறார்கள்.

கருப்பட்டிக் காப்பியில் கவலை இல்லை என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் பலமாக இருக்கிறது. மணமும் சிறிது தாதுச் சத்தும் உண்டு, மறுக்கவில்லை. கலோரியில் சீனிக்கும் அதற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பதநீரும் அப்படியே, ஒரு பெரிய தம்ளரில் நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை இருக்கும். பனங்காலத்தில் வாரம் ஒரு நாள் குடியுங்கள். தினை, சாமை, கேழ்வரகும் கிராமுக்குக் கிராம் அரிசிக்குச் சமமான கலோரிதான். நார்ச்சத்து அதிகம், அதனால் வயிறு நிறையும். அளவு மட்டும் அரிசிக்கு உள்ளதே. இரவு சப்பாத்திக்கு மாறியவர்கள் எண்ணெய் தடவி நாலு சாப்பிட்டால் பழைய சோறே தேவலை.

நெல்லை டவுனில், ஜங்ஷனில் கடை வைத்திருப்பவர்களுக்கு இரவுதான் சிக்கல். பத்தரைக்கு ஷட்டரை இறக்கி, பதினொரு மணிக்குச் சாப்பிட்டு, உடனே படுக்கை. மதியம் இரண்டு மணியிலிருந்து ஒன்பது மணி நேரம் காயும் வயிறு, வீட்டுக்கு வந்ததும் ஆறு தோசை கேட்கிறது. இதற்கு ஒரு வழி: ஏழு மணிக்குக் கடையிலேயே பாதிச் சாப்பாட்டை முடியுங்கள். வீட்டிலிருந்து டப்பாவில் வந்த சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமுமோ போதும். வீட்டில் இரண்டு இட்லி, காய். இதை மட்டும் செய்தே இரண்டு மூன்று கிலோ இறங்குகிறவர்கள் உண்டு.

வீட்டுப் பெண்களின் பிரச்சினை வேறு. எல்லாருக்கும் பரிமாறி, மூன்று மணிக்குக் கடைசியாக உட்கார்ந்து, மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று சாப்பிடுவது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழையதாகட்டும். உங்கள் பங்கு மீனையும் முட்டையையும் பரிமாறுவதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள். அதில் சுயநலம் ஒன்றும் இல்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் எலும்புக்கும் தசைக்கும் அந்த ஒரு துண்டு மீன் மற்ற எல்லாரையும் போலவே தேவை.

மது அருந்துகிறவர்கள் கணக்கை மட்டும் அறிந்துகொள்ளட்டும். 60 மில்லி பிராந்தியில் 140 கலோரி. மூன்று ரவுண்டும் கூடவே பொரித்த கோழியும் மிக்சரும் சேர்ந்தால் ஒரு நாள் சாப்பாட்டில் பாதி முடிந்துவிடுகிறது. குறைத்தால் வயிற்றளவில் சீக்கிரமே தெரியும்.

நடை, பிறகு பளு

முதல் இரண்டு வாரம் விடியற்காலை எழுந்திருக்கவே வேண்டாம். ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடங்கள். வெயில் நேரத்தில் வீட்டுக்குள், வராந்தாவில், கடையின் நீளத்தில் நடந்தால் போதும். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும், நாளைக்கு முப்பது நிமிஷக் கணக்கும் ஆகிவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து காலையில் ஒரே மூச்சாக இருபது நிமிஷம், வாரம் ஐந்து நிமிஷம் கூட்டி நாற்பதுக்கு வாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகம்.

பங்குனியிலிருந்து ஆனி வரை ஆறரை மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வ.உ.சி. மைதானம் இருக்கிறது. டவுன்காரர்களுக்கு வண்டிகள் கிளம்பும் முன் நாலு ரத வீதியும் காலியாக இருக்கும். மாலையில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள், சுவாமி சன்னதியிலிருந்து சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னதிக்குப் போய், பிரகாரங்களையும் சுற்றினாலே நல்ல நடை. செருப்போடு வேக நடை வேண்டாம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் சுருக்கென்று குத்தினால், மெத்தென்ற அடியுள்ள ஷூவுக்கு மாறி, நடையைப் பாதியாக்கி, கெண்டைக்காலை நீட்டிவிடும் பயிற்சி செய்யுங்கள். பல வருஷம் சர்க்கரை உள்ளவர்கள் சூடான தளத்தில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம், பாதம் கொப்புளித்தாலும் தெரியாது.

நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள் பளுப் பயிற்சி கட்டாயம். ஜிம் வேண்டும் என்று இல்லை, ஒரு நாற்காலி போதும். கையில்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, விளிம்பில் உட்காருங்கள். பாதம் தோள் அகலத்துக்கு இருக்கட்டும். கைகளை மார்பில் கட்டி, முன்னால் லேசாகச் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழுந்திருங்கள். எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயக் கூடாது, அதனால் முட்டி வலி வரலாம். மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழாதீர்கள். எட்டு முறை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி எட்டு. முட்டி வலிக்கிறவர்கள் ஆசனத்தில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு முறை சுலபமாக வந்ததும் இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துச் செய்யுங்கள்.

கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது எட்டு முறை, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது பத்து, குதிகாலைத் தூக்கி நிற்பது பதினைந்து, இரண்டு கையிலும் அஞ்சு லிட்டர் கேன் பிடித்து அரை நிமிஷ நடை. எல்லாம் இரண்டு சுற்று. இருபது நிமிஷத்தில் முடியும். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். மறுநாள் தசை லேசாக வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்தினால், நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் வலியோ வந்தால், நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் சுளகோடு நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்களுக்கு, நடையை விட முதலில் வேண்டியது எழுந்திருப்பது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, பத்து முறை குதிகால் தூக்கி, தோளைச் சுழற்றிவிட்டு உட்காருங்கள். அதனால் அன்றைக்குச் சுற்றும் பீடிக் கணக்கு பெரிதாகக் குறைந்துவிடாது. கால் மரப்பும் இடுப்பு வலியும் குறையும்.

விசேஷமும் விருந்தும்

பந்திக்கு முன் பட்டினி கிடக்காதீர்கள். காலையில் இரண்டு முட்டை அல்லது சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போனால், இலையில் பிடித்ததை நிதானமாகச் சாப்பிடலாம். வழக்கமாக வீட்டில் கிடைப்பதை விட்டுவிட்டு, விசேஷத்துக்கு மட்டும் வருவதை எடுங்கள். அப்பளத்துக்கும் வெறுஞ்சோற்றுக்கும் கல்யாண வீடு வேண்டியதில்லை. மறுவீட்டுச் சொதி அப்படியில்லை. கொடைக்குக் கிடாக்கறி வந்தால் கறியைத் தாராளமாகவும் சோற்றை அளவாகவும் வாங்குங்கள்.

அல்வாவை டவுனில் நின்று, இலையில் ஐம்பது கிராம், சூடாகச் சாப்பிடுவது நல்ல வழக்கம். ஏறத்தாழ 200 கலோரி, அதோடு முடிந்தது. அரைக் கிலோ பொட்டலம் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தால் நாலு நாளைக்கு ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் ஒரு விள்ளல் போகும். ஊருக்கு வாங்குகிறவர்கள் ஊருக்குக் கிளம்பும் அன்றைக்கு வாங்குங்கள்.

குற்றால சீசனில் அருவியில் குளித்துவிட்டு வரும் பசிக்கு, செங்கோட்டைப் பக்கத்துப் பார்டர் கடைப் புரோட்டா ஆறு ஏழு போய்விடும். ஒன்று 250 முதல் 300 கலோரி. இலை வந்ததும் முதலில் கோழியும் ஆம்லெட்டும் சொல்லுங்கள், பத்து நிமிஷம் கழித்து இரண்டு புரோட்டா. சால்னாவை ஊற்றிக் குளிப்பாட்டாமல் தொட்டுச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை எடைமேடை ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டும். அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர், மூன்று நாளில் இறங்கிவிடும். அதைப் பார்த்துப் பயந்து ஒரு நாள் பட்டினி கிடந்தால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் பசிக்கும்.

எங்கே சறுக்கும்

எடையை வாரம் ஒரே நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பாருங்கள். முதல் பத்து நாளில் இரண்டு கிலோ இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். பிறகு வாரம் அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம். அதைவிட வேகமாக இறக்கினால் முடி கொட்டும், பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு கூடும். மூன்று வாரம் எடை நின்றுவிட்டால் முதலில் நாடாவைப் பாருங்கள். வயிறு குறைந்து எடை நின்றால் பயிற்சி வேலை செய்கிறது. இரண்டும் நின்றால் சோற்றையும் எண்ணெயையும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். அளவு மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவில் வையுங்கள். சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள் சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டபோது, மூன்று வருஷத்தில் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லும்படி குறையவில்லை. எடைமேடை அசையாத மாதத்திலும் உள்ளே நல்லது நடக்கிறது.

தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் மறுநாள் இனிப்பும் எண்ணெயும் தேடும். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு திணறுகிறவர்கள் அதற்குத் தனியாக டாக்டரைப் பார்க்க வேண்டும். எடை குறைப்புப் பொடி, கஷாயம், வயிற்றில் கட்டும் பெல்ட் எதற்கும் காசைக் கொடுக்காதீர்கள். 2025-ல் நம் நாட்டுக்கு வந்த, வாரம் ஒருமுறை போடும் எடை குறைப்பு ஊசிகள் உண்மையிலேயே எடையைக் குறைக்கும். அவற்றை டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஊசி போட்டாலும் புரதமும் பளுப் பயிற்சியும் இல்லாவிட்டால் தசையும் சேர்ந்து போகும்.

ஐந்து கிலோ இறங்கியதும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "ஏன் மதினி இப்படி வாடிப் போயிட்டீங்க, சுகர் வந்துட்டா?" அக்கறையில்தான் கேட்கிறார்கள். "நடக்கேன் மதினி, டெஸ்ட் எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, வற்புறுத்தி வைக்கும் லட்டில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் முயற்சி எடுக்காமலே எடை தானாக இறங்கி, தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து வந்தால் மட்டும் தாமதிக்காமல் சர்க்கரையைச் சோதியுங்கள்.

முதல் இலக்கை எட்டிய பிறகு இரண்டு மாதம் அதே எடையில் நிற்கப் பழகுங்கள். சோற்றில் ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளலாம், நாற்காலிப் பயிற்சியை மட்டும் விட வேண்டாம். பிறகு தேவையென்றால் அடுத்த ஐந்து சதவீதம். ஒவ்வொரு ஐந்து கிலோவுக்கும் ஒருமுறை மருந்துச் சீட்டோடு டாக்டரைப் பார்த்து, மாத்திரை அளவு இன்னும் சரிதானா என்று கேளுங்கள். பல பேருக்கு அந்தச் சீட்டில் ஒன்றிரண்டு வரி குறையும்.